ஊசி குத்தினால் தசைக்குள் ரத்த ஓட்டம் உண்மையிலேயே கூடுகிறதா?

தோள்வலி_தாமு

எல்லோருக்கும் வணக்கம். நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்காரும் வேலை எனக்கு. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கிற சதை எப்போதும் இறுகியே கிடக்கிறது. அக்குபஞ்சர் பார்ப்பவரிடம் போனேன். "இங்கே ரத்தம் ஓடாம தேங்கி நிக்குது, ஊசி போட்டா ஓட ஆரம்பிக்கும்" என்றார். ஊசி இறங்கிய கொஞ்ச நேரத்தில் அதைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம் வந்தது. "பாத்தீங்களா, ரத்தம் வந்துடுச்சு" என்று காட்டினார்.

வலி குறைந்ததா இல்லையா என்பது வேறு கதை, அதை விடுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். அந்தச் சிவப்பு தோலில் வந்தது. உள்ளே இருக்கும் தசையிலும் ரத்த ஓட்டம் கூடியிருக்குமா? யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா? கூடினால் எவ்வளவு நேரம் நிற்கும்?

குறுக்குக்கேள்வி

கொசு கடித்தாலும் சிவக்கும், முள் குத்தினாலும் சிவக்கும். அதற்கெல்லாம் யாரும் காசு வாங்குவதில்லை.

நாளம்

குறுக்குக்கேள்வி கிண்டலாகச் சொன்னாலும் விஷயம் சரிதான். அந்தச் சிவப்பு ஊசிக்கு மட்டும் உரிய சங்கதி இல்லை. ஆனால் அது ஏன் வருகிறது என்று பார்த்தால் தாமுவின் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும். நான் உடலியங்கியல் பாடம் எடுப்பவன், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1927-இல் தோலின் ரத்தக்குழாய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தோலை அழுத்திக் கீறினால் மூன்று கட்டங்களாக மாற்றம் வருவதை அதில் விவரித்திருக்கிறார். முதலில் கீறிய இடத்திலேயே ஒரு சிவப்புக் கோடு. அடுத்து, கீறாத இடத்துக்கும் பரவுகிற சிவப்பு. அதற்கப்புறம் ஒரு தடிப்பு. நமக்கு வேண்டியது அந்த இரண்டாவது கட்டம். தொடாத இடம் ஏன் சிவக்க வேண்டும்?

லூயிஸ் இப்படி யோசித்தார். அந்த இடத்துக்குப் போகும் நரம்பை வெட்டிய கையோடு கீறினால் சிவப்பு பரவுகிறது. சில நாள் விட்டு, நரம்பின் நுனிவரை அழிந்துபோன பிறகு கீறினால் பரவுவதில்லை. அப்படியானால் செய்தி மூளைக்கோ முதுகுத்தண்டுக்கோ போய்த் திரும்பி வரவில்லை. தோலுக்குள் கிளை பிரிந்து கிடக்கும் நரம்பு நுனிகளிலேயே விஷயம் முடிந்துவிடுகிறது. ஒரு கிளையில் கிளம்பும் துடிப்பு, கிளை பிரியும் இடம்வரை ஏறி, பக்கத்துக் கிளை வழியாக எதிர்த்திசையில் இறங்குகிறது. அந்த நுனியில் சில பொருள்களைக் கக்குகிறது. சிறு தமனிகள் விரிகின்றன. ஆக்சான் அனிச்சை என்று பெயர்.

கக்கப்படும் பொருள்களில் முக்கியமானது சிஜிஆர்பி என்ற புரதத்துண்டு. ரத்தக்குழாயை விரிக்கும் பொருள்களில் படு வீரியமானது. மிக மிகச் சிறிய அளவைத் தோலுக்குள் செலுத்தினாலே மணிக்கணக்கில் சிவந்து கிடக்கும். கூடவே சப்ஸ்டன்ஸ் பி என்ற இன்னொன்றும் வெளியேறும்.

இதே வகை மெல்லிய நரம்பிழைகள் தசைக்குள்ளும் இருக்கின்றன. 2000-இல் ஜப்பானில் சாட்டோவும் அவரோடு இருந்தவர்களும் எலிகளில் ஒரு சோதனை செய்தார்கள். முதுகு நரம்பு வேரில் அந்த மெல்லிய இழைகளைத் தூண்டினார்கள். தசையில் ரத்த ஓட்டம் ஏறியது. சிஜிஆர்பியைத் தடுக்கும் மருந்து கொடுத்தபோது அந்த ஏற்றம் அடங்கிவிட்டது. ஆக, தசையிலும் இதே கதை நடக்க வழி இருக்கிறது. மனிதத் தசையில் ஊசி போட்டால் நடக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அதை ராத்திரி எழுதுகிறேன்.

ஊசிமுனை

நான் அக்குபஞ்சர் செய்பவன். நாளம் ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் கொசுக்கடியோடு சேர்த்துப் பேசுவது சரியில்லை. தோலோடு நிற்கும் ஊசி வேறு, சதைக்குள் இறங்கி, திருகி, "தே சீ" வரவைக்கும் ஊசி வேறு. தே சீ வந்தால் நோயாளிக்குக் கனமாக, மந்தமாக, உள்ளே பரவுகிற மாதிரி ஒரு வலி தெரியும். சுருக்கென்று குத்துகிற வலி இல்லை அது. எங்கள் விரலுக்கும் தெரியும், ஊசியைச் சதை பிடித்துக்கொள்ளும்.

ஸ்வீடனில் சாண்ட்பெர்க் என்பவரின் குழு 2003-இல் வெளியிட்ட ஆய்வைத் தேடிப் பாருங்கள். ஆரோக்கியமான பெண்களுக்கு முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இருக்கும் தசையில் ஊசி போட்டு, தோலிலும் தசையிலும் ரத்த ஓட்டத்தைத் தனித்தனியாக அளந்தார்கள். தசைக்குள் இறக்கித் தே சீ வரும்படி தூண்டியபோதுதான் ஏற்றம் மிகத் தெளிவாக இருந்தது. தாமு, உங்கள் கேள்விக்கு இதுதான் நேரான பதில். ஆமாம், அளந்திருக்கிறார்கள். ஆமாம், கூடுகிறது.

குறுக்குக்கேள்வி

ஊசியைச் சதை பிடித்துக்கொள்ளும் என்பது எப்படி? சதைக்குக் கை இருக்கிறதா?

ஊசிமுனை

கிண்டல் வேண்டாம் நண்பரே. அமெரிக்காவில் ஹெலீன் லாஞ்செவின் என்ற மருத்துவர் இதைக் கருவி வைத்தே அளந்திருக்கிறார், 2001-இல். போட்ட ஊசியை வெளியே இழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று பார்த்தார். திருகாத ஊசியைவிட, ஒரே பக்கமாகத் திருகிய ஊசிக்கு 167 விழுக்காடு கூடுதல் விசை தேவைப்பட்டது. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் திருகியபோது 52 விழுக்காடு. தோலுக்கும் தசைக்கும் நடுவில் இருக்கும் இணைப்புத் திசுவின் நார்கள் ஊசியைச் சுற்றி முறுக்கிக்கொள்கின்றன என்பது அவர் விளக்கம். அப்படி இழுபடும்போது அந்த இடத்து நரம்பு நுனிகளும் செல்களும் தூண்டப்படுகின்றன. சும்மா குத்தி விட்டுவிடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

தோள்வலி_தாமு

நன்றி ஐயா. எனக்குப் போட்டபோது ஊசியை லேசாகத் திருகினார், அப்போதுதான் அந்த மந்தமான வலி வந்தது. சரி, தசையில் ஓடுகிற ரத்தத்தை வெளியே இருந்தபடியே எப்படி அளக்கிறார்கள்? தோல் ரத்தத்தையும் தசை ரத்தத்தையும் எப்படிப் பிரிக்கிறார்கள்?

நாளம்

அருமையான கேள்வி. சண்டை முழுக்க இங்கேதான் இருக்கிறது.

பழைய ஆய்வுகள் பலவற்றில் லேசர் டாப்ளர் வைத்துப் பார்த்திருப்பார்கள். தோல்மேல் ஒரு முனையை வைத்து ஒளியை அனுப்பினால், ஓடுகிற சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும் ஒளியின் அலைவெண் சற்று மாறும். அதை வைத்து ஓட்டத்தைக் கணக்கிடுவார்கள். சாதாரணக் கருவி எட்டிப்பார்ப்பது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆழம். அது தோல்தான். அந்த எண்ணைக் காட்டி "தசையில் ரத்தம் கூடியது" என்று யாராவது எழுதியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சாண்ட்பெர்க் குழு செய்தது வேறு. இரண்டு நிற ஒளி. பச்சை ஒளி தோலோடு நின்றுவிடும். அகச்சிவப்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஒளி ஆழமாகப் போகும். ஒளி விடும் இடத்துக்கும் வாங்கும் இடத்துக்கும் இடைவெளியைக் கூட்டினால் இன்னும் ஆழமாகப் பார்க்கலாம். கைக்கடிகாரங்களில் நாடித்துடிப்பு பார்க்கும் பச்சை விளக்கு இருக்கிறதே, அடிப்படை அதேதான். பச்சையில் வருவதைத் தோல் என்றும், மற்றதில் வருவதைப் பெரும்பாலும் தசை என்றும் கொள்கிறார்கள். "பெரும்பாலும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆழத்துக்குப் போகும் ஒளியும் தோலைத் தாண்டித்தான் போக வேண்டும், தோலைத் தாண்டித்தான் திரும்ப வேண்டும். தோல் நன்றாகச் சிவந்து கிடந்தால் தசைக் கணக்கிலும் அது கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். தோலுக்கடியில் கொழுப்பு தடிமனாக இருப்பவர்களுக்கு இன்னும் குழப்பம்.

ஒன்று விட்டுப்போனது. இந்தக் கருவி மில்லிலிட்டர் கணக்கில் விடை தராது. முன்பு இருந்ததைவிட எத்தனை மடங்கு என்று மட்டும்தான் சொல்லும்.

அடுத்தது அகச்சிவப்பு நிறமாலை முறை, நிர்ஸ் என்பார்கள். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாததும் ஒளியை உறிஞ்சும் விதம் வேறு வேறு. அதிலிருந்து தசையில் எவ்வளவு ரத்தம் இருக்கிறது, அதில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பிரித்துவிடலாம். தாமு, உங்கள் தசையிலேயே இதைச் செய்திருக்கிறார்கள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும் அந்தத் தசைக்கு ட்ரபீசியஸ் என்று பெயர். 2009-இல் ஜப்பானில் ஓக்குபோவும் மற்றவர்களும் அதன் ஒரு பகுதியில் ஊசி போட்டு, ஊசிக்குப் பக்கத்திலும் அதே தசையில் சற்றுத் தள்ளியும் அளந்தார்கள். ஊசிப் பக்கத்தில் ரத்தமும் ஆக்சிஜனும் கூடின. தள்ளி இருந்த இடத்தில் அந்த ஏற்றம் இல்லை. எனக்கு இந்த ஆய்வு பிடிக்கும். உடம்பு முழுக்க ரத்தம் கூடி அதன் ஒரு பங்கு அங்கே தெரிந்தது என்று சொல்லவே முடியாதபடி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் நிர்ஸ் காட்டுவது எவ்வளவு ரத்தம் இருக்கிறது என்பதை. எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதை அல்ல. இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறும் என்றாலும் ஒன்றல்ல.

அல்ட்ராசவுண்ட் டாப்ளர் இன்னொரு பக்கம். கைக்கோ காலுக்கோ போகும் பெரிய தமனியில் ஓட்டத்தை நேராக அளந்துவிடலாம். அந்தத் தமனி தோலுக்கும் எலும்புக்கும் சேர்த்துத்தான் ரத்தம் கொண்டுபோகிறது. ஊசி போட்ட ஒரு சின்னத் தசையில் மட்டும் வரும் மாற்றம் அந்தப் பெரிய கணக்கில் கரைந்துபோகும்.

பிசியோ_மாலா

தாமதமாக வருகிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். நாங்கள் செய்வது ட்ரை நீட்லிங், அதே மெல்லிய ஊசிதான். புள்ளிகள் வரைபடம் பார்த்துப் போடுவதில்லை. தசையை விரலால் உருட்டிப் பார்த்து, கயிறாட்டம் இறுகியிருக்கும் பட்டையைப் பிடித்து, அதில் அழுத்தினால் அதிகம் வலிக்கும் முடிச்சில் போடுவோம். ட்ரிகர் பாயின்ட் என்போம். சரியான இடத்தில் பட்டால் தசை ஒரு தடவை வெடுக்கென்று துள்ளும். நோயாளி திடுக்கிட்டுவிடுவார், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

தாமுவுக்குச் சொன்ன "ரத்தம் தேங்கி நிக்குது" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ரத்தம் எங்கேயும் குட்டையாக நிற்பதில்லை. ஆனால் அதில் ஒரு பொறி உண்மை இருக்கிறது.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜெய் ஷா என்ற மருத்துவர் 2005-இலும் 2008-இலும் ட்ரபீசியஸ் தசையில் முடியளவு ஊசிக்குள் ஒரு நுண்குழாய் வைத்து, முடிச்சின் உள்ளே இருக்கும் திரவத்தை எடுத்துப் பார்த்தார். வலிக்கிற முடிச்சுகளில் அமிலத்தன்மை கூடியிருந்தது. சப்ஸ்டன்ஸ் பி, சிஜிஆர்பி, வலி நரம்பைத் தூண்டும் பிராடிகினின் எல்லாமே கூடுதல். வலி இல்லாதவர்களின் அதே இடத்தில் அப்படி இல்லை. தசை துள்ளிய பிறகு சப்ஸ்டன்ஸ் பியும் சிஜிஆர்பியும் குறைந்தன.

2009-இல் சித்தார்த்த சிக்தரும் அதே குழுவும் இந்த முடிச்சுகளை அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். முடிச்சுக்கு அருகே இருக்கும் சிறு தமனிகள் சிலவற்றில், இதயம் தளர்கிற நேரத்தில் ரத்தம் பின்னோக்கித் தள்ளப்படுவது தெரிந்தது. முன்னால் போக வழி இறுக்கமாக இருந்தால்தான் அப்படி வரும். தேக்கம் என்று சொல்ல ஆசைப்படுகிறவர்களுக்கு ஆதாரம் இந்த அளவுக்குத்தான் இருக்கிறது.

ட்ரை நீட்லிங்கில் ரத்த ஓட்டம் என்று கேட்டால் பெல்ஜியத்தில் பார்பரா காக்னி குழு 2012-இல் செய்தது இருக்கிறது. ட்ரபீசியஸ் தசைதான். ஊசி எடுத்த பிறகு 15 நிமிடம் கவனித்தார்கள். குத்திய இடத்தில் ரத்த ஓட்டமும் ஆக்சிஜனும் ஏறி, அந்த 15 நிமிடமும் ஏறியபடியே இருந்தன.

குறுக்குக்கேள்வி

சரி, ஒப்புக்கொள்கிறேன், கூடுகிறது. இனி நான் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஓய்வாக இருக்கும் தசையில் 100 கிராமுக்கு நிமிடத்துக்கு 3 மில்லிலிட்டர் அளவுக்கு ரத்தம் ஓடுகிறது. பாடப்புத்தகக் கணக்கு. அதே தசை கடுமையாக உழைத்தால் 50, 100 என்று போகும், பயிற்சி பெற்றவர்களுக்கு இன்னும் மேலே. ஓய்வில் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு தசைகளுக்குப் போகிறது. ஓடும்போது ஐந்தில் நாலு பங்கு. இதெல்லாம் எந்த ஊசியும் இல்லாமல் நடக்கிறது.

ஊசி ஆய்வுகளில் வந்த ஏற்றம் எதுவும் இதற்குக் கிட்டேகூட வராது. அப்புறம் எதற்கு அங்கே போய்ப் படுத்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்? எழுந்து தோளைச் சுழற்றினால் போதாதா? ரத்த ஓட்டம்தான் மருந்து என்றால், படிக்கட்டு ஏறுவது எல்லா ஊசிகளையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

ஊசிமுனை

உழைக்கிற தசை ரத்தத்தை இழுத்துக்கொள்ளும், யார் இல்லையென்றார்கள்? வலியால் கையைத் தூக்கவே முடியாதவரிடம் போய்த் தோளைச் சுழற்று என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள்தான் எங்களிடம் வருகிறார்கள். படிக்கட்டு ஏறக்கூடியவர் ஏறட்டும், நான் தடுக்கவில்லை.

தசை முழுக்க ரத்தம் கூடுவதும், வலிக்கிற ஒரு முடிச்சைச் சுற்றிக் கூடுவதும் ஒன்றா? நடந்தால் கால் தசைக்குப் போகும். உட்கார்ந்தே வேலை செய்பவரின் ட்ரபீசியஸுக்குப் போகுமா?

பிசியோ_மாலா

இரண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் சரி. நடக்கும்போது கை வீசினால் ட்ரபீசியஸுக்கும் வேலை இருக்கிறது, ஊசிமுனை சார். ஆனால் தாமு மாதிரி ஆட்களின் சிக்கல் வேறு. தட்டச்சு செய்யும்போது தசை பெரிதாகச் சுருங்குவதில்லை. லேசாக, ஆனால் விடாமல், மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டே இருக்கும். நடக்கும்போது தசை சுருங்கித் தளர்ந்து, சுருங்கித் தளர்ந்து ரத்தத்தைப் பம்பு செய்கிறது. விடாமல் பிடித்தபடியே இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி நுண்குழாய்களை நெரிக்கும். தளர்ச்சிதான் அங்கே குறைகிறது. அதனால் நான் முதலில் சொல்வது, நடுநடுவே எழுந்து கையை ஆட்டுங்கள் என்பதுதான். ஊசி அதற்கப்புறம்.

வேகநடை

இந்தத் திரியில் நடுவே புகுந்ததற்கு மன்னிக்கவும். எனக்குக் குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாணில் வலி. அதற்கு ஏற்கெனவே ரத்தம் குறைவு என்கிறார்கள். அங்கே ஊசி ஏதாவது செய்யுமா?

நாளம்

வேகநடை, உங்கள் கேள்விக்குப் பொருத்தமாக ஓர் ஆய்வு இருக்கிறது, அதைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை. ஜப்பானில் கெய்டாரோ குபோ என்பவர் 2010-இல் குதிகால் தசைநாணில் ஊசியையும் வெப்ப ஒத்தடத்தையும் ஒப்பிட்டார். இரண்டிலும் ரத்தமும் ஆக்சிஜனும் ஏறின. ஒத்தடத்தை எடுத்ததும் ஏற்றம் இறங்கத் தொடங்கியது. ஊசியை எடுத்த பிறகும் அந்த ஏற்றம் நின்றது.

வெப்பம் இருக்கும்வரைதான் ஒத்தடத்தின் வேலை. நரம்பு நுனி கக்கிய பொருள்களோ அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் கிடக்கும். இது என் ஊகம்தான், ஆனால் சிஜிஆர்பியின் நீண்ட நேர வேலையோடு பொருந்துகிறது. அந்தத் தசைநாண் ஆரோக்கியமானவர்களுடையது என்பதை மறக்க வேண்டாம். உங்கள் வலிக்கு மருந்து என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. குதிகாலை மெதுவாக இறக்கும் பயிற்சிகள் பற்றி மாலா மேடத்திடம் கேளுங்கள்.

குறுக்குக்கேள்வி

ஆரோக்கியமானவர்களிடம் ஒன்று, நோயாளிகளிடம் இன்னொன்று என்று வருமா?

நாளம்

வருகிறது, அதுதான் சுவாரசியம். அதே சாண்ட்பெர்க் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகளிடம் அளந்தார். உடம்பெங்கும் தசை வலி, தொட்டாலே நோகும் நிலை அது. அவர்களுக்குத் தோலுக்கு அடியில் மட்டும் ஊசி போட்டதே தசை ரத்த ஓட்டத்தையும் ஏற்றிவிட்டது. ஆரோக்கியமானவர்களுக்கு ஆழமும் தே சீயும் வேண்டியிருந்த இடத்தில், இவர்களுக்கு மேலோட்டமான குத்தலே போதுமானதாக இருந்தது. நரம்புகள் ஏற்கெனவே உணர்வு மிகுந்து கிடப்பவர்களுக்குச் சின்னத் தூண்டலே பெரிய தூண்டல். நிஜ ஊசி மாதிரியே தோன்றும்படி ஒப்புக்கு ஒரு பொய் ஊசி வைத்து ஒப்பிடும் ஆய்வுகளுக்கு இது பெரிய தலைவலி. "பொய்" என்று வைத்த மேலோட்டக் குத்தலே வேலை செய்துவிட்டால் எதை எதோடு ஒப்பிடுவது?

ஊசிமுனை

இதைத்தான் நான் பல காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய் ஊசியோடு வித்தியாசம் குறைவு என்று சொல்லி எங்களை ஓரங்கட்டுகிறார்கள்.

குறுக்குக்கேள்வி

அதையே திருப்பிப் போடலாமே ஐயா. எங்கே குத்தினாலும் வேலை செய்கிறது என்றால், புள்ளி, ஓட்டப்பாதை, நாடி பார்ப்பது எல்லாம் எதற்கு?

மட்டுறுத்துநர்

புள்ளிகள் உண்டா இல்லையா என்ற சண்டைக்குத் தனித் திரி இருக்கிறது. இங்கே ரத்த ஓட்டம் மட்டும்.

தோள்வலி_தாமு

நன்றி, எனக்கு நிறையத் தெளிந்தது. ஒரு முடிச்சு மட்டும் இன்னும் அவிழவில்லை. ரத்தம் கூடுவதால்தான் வலி குறைகிறதா? அல்லது இரண்டும் தனித்தனியா?

நாளம்

தனித்தனி என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரே தூண்டலின் இரண்டு விளைவுகள்.

2010-இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கன் நெடர்கார்டின் குழு எலிகளுக்கு முழங்காலுக்குக் கீழே இருக்கும் அந்தப் பிரபலமான புள்ளியில், எஸ்.டி. 36 என்பார்கள், ஊசி போட்டுச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை திருகியது. ஊசியைச் சுற்றி அடினோசின் என்ற பொருள் ஏறக்குறைய 24 மடங்கு ஏறியது. எலியின் வலி குறைந்தது. அடினோசினைப் பிடிக்கும் ஏ1 ஏற்பி இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளில் ஊசியால் பலனே இல்லை. அடினோசின் நரம்பு நுனியை அடக்கியதால்தான் வலி குறைந்தது என்று இதிலிருந்து தெரிகிறது. அடினோசின் ரத்தக்குழாயையும் விரிக்கும், ஆனால் அது வேறு ஏற்பிகள் வழியாக. பொருள் ஒன்று, வேலை இரண்டு. ரத்தம் கூடியதையும் வலி குறைந்ததையும் சேர்த்துப் பார்த்தவர், ஒன்றால் ஒன்று வந்தது என்று முடிவு கட்டிவிடுவார்.

ரத்தக்குழாயை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவும் உண்டு. 2007-இல் சுச்சியா குழு ஆரோக்கியமானவர்களின் கையில் ஊசி போட்டபோது அந்த இடத்தில் நைட்ரிக் ஆக்சைடும் ரத்த ஓட்டமும் கூடியதைக் கண்டது. எலிகளில் நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியை மருந்தால் தடுத்தால் ஊசி தரும் தசை ரத்த ஏற்றம் குறைகிறது. குழாயின் உள்சுவரே கொடுக்கும் கட்டளை அது.

முழுக்கத் தொடர்பில்லை என்றும் சொல்லிவிட மாட்டேன். மாலா சொன்ன அமிலமும் பிராடிகினினும் ரத்தம் நன்றாக ஓடினால் கழுவிப்போகலாம், நியாயமான யோசனைதான். ஆனால் எவ்வளவு ரத்தம் கூடியதோ அவ்வளவு வலி குறைந்தது என்று ஒன்றுக்கொன்று ஈடாக வருகிறதா என்று நான் தேடினேன், திருப்தியான விடை கிடைக்கவில்லை.

வேகநடை

ஊசியில் மின்சாரம் கொடுப்பார்களே, தசை துடிக்கும். அதில் ரத்தம் இன்னும் கூடுமா?

பிசியோ_மாலா

விநாடிக்கு இரண்டு துடிப்பு என்கிற மாதிரி மெதுவாகக் கொடுத்தால் தசை கண்ணுக்குத் தெரியும்படி சுருங்கித் தளரும். ரத்தம் கூடத்தான் செய்யும். ஆனால் அது தசை வேலை செய்ததால் வந்தது. குறுக்குக்கேள்வி சொன்ன படிக்கட்டுக் கணக்கில்தான் அதைச் சேர்க்க வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு மின்சாரம் வேண்டாம்.

அமுதினி

என் அப்பாவுக்கு நடந்தால் கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. காலுக்கு ரத்தம் போகவில்லை, ஊசி போட்டால் அடைப்பு திறக்கும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அப்பா ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபாரின் எடுக்கிறார். கூட்டிப்போகலாமா?

நாளம்

அமுதினி, இதற்கு மட்டும் விவாதம் வேண்டாம். நடந்தால் வலி, நின்றால் நிவாரணம் என்பது காலுக்குப் போகும் பெரிய தமனி குறுகியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். இங்கே நாங்கள் பேசியது எல்லாம் முடியைவிட மெல்லிய குழாய்கள் விரிவதைப் பற்றி. தமனிச் சுவரில் படிந்து இறுகிய கொழுப்பையும் சுண்ணாம்பையும் எந்த ஊசியும் திறக்காது. முதலில் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடும் எளிய சோதனை ஒன்று இருக்கிறது, அதிலேயே நிறையத் தெரிந்துவிடும். ஓய்வாக இருக்கும்போதே கால் வலித்தாலோ, விரல் கறுத்தாலோ, புண் ஆறாமல் இருந்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.

ஊசிமுனை

ஐயா சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். அடைப்பு திறக்கும் என்று சொல்கிறவரிடம் போகாதீர்கள். வார்ஃபாரின் எடுப்பவருக்கு ஆழமான தசைகளில் ஊசி போட நான் துணியமாட்டேன், உள்ளே ரத்தம் கசிந்தால் வெளியே தெரியாது. வேறு எதற்காகவாவது பிறகு அக்குபஞ்சர் என்று போனாலும், மருந்தின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அமுதினி

நன்றி. நாளைக்கே கூட்டிப்போகிறேன்.

பிசியோ_மாலா

தாமு, உங்களுக்கும் ஒன்று. நீங்கள் ஊசி போட்டுக்கொள்ளும் இடத்துக்கு நேர் கீழே நுரையீரலின் உச்சி இருக்கிறது. தெரிந்தவர் என்ன செய்வார் என்றால், தசையைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் கிள்ளித் தூக்கிப் பிடித்து, ஊசியைத் தன் விரலை நோக்கிச் செலுத்துவார். மேலிருந்து செங்குத்தாகக் கீழே இறக்கமாட்டார். ஊசி போட்ட சில மணி நேரத்தில் மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுத்தால் நெஞ்சு குத்தினாலோ உடனே மருத்துவமனை. அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது. ஊசி ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடுவதுதானா என்று உறையைப் பிரிக்கும்போது கண்ணால் பாருங்கள்.

குறுக்குக்கேள்வி

தாமு, கடைசியாக என் பங்குக்கு ஒன்று. ஊசி போடாத ஒரு வாரம், நேரம் வைத்து எழுந்து கையை ஆட்டிப் பாருங்கள். வலி எப்படி இருக்கிறது என்று குறித்து வையுங்கள். அடுத்த வாரம் அதோடு ஊசியும். வித்தியாசம் தெரிந்தால் இங்கே வந்து சொல்லுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

ஊசிமுனை

ஒரு ஆளை வைத்துச் செய்கிற சோதனையில் எதுவும் நிரூபணமாகாது என்று போன மாதம் வேறொரு திரியில் எழுதியது நீங்கள்தானே?

குறுக்குக்கேள்வி

நானேதான். நிரூபணத்துக்காகச் சொல்லவில்லை ஐயா, அவர் தோளுக்காகச் சொன்னேன்.

தோள்வலி_தாமு

செய்கிறேன். அலாரம் வைத்தாயிற்று. அவர் தசையைக் கிள்ளித் தூக்கித்தான் போட்டார், நினைவு இருக்கிறது, மாலா மேடம். உறையைப் பிரித்ததை மட்டும் நான் பார்க்கவில்லை, அடுத்த முறை பார்க்கிறேன்.